கோர்ட்டுக்கு முன் ஒரு கூட்டம்: எல்லையோர வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

இந்த இதழுக்கு வந்த குடும்ப வழக்குக் கடிதங்களில் பல ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: வழக்குப் போடும் முன்போ, போட்ட உடனேயோ நம்மை உட்கார வைக்கும் சமரசக் கூட்டம். அங்கே என்ன நடக்கும், எதற்குத் தலையாட்டலாம், எதற்குக் கூடாது என்று வாளையாற்றின் இரு பக்கத்திலிருந்தும், கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும், பள்ளிப்பட்டுப் பக்கமிருந்தும் கேட்டிருக்கிறீர்கள். குடும்ப வழக்குகள் நடத்தும் வக்கீல் ஒருவரும் பயிற்சி பெற்ற மீடியேட்டர் (இரு தரப்பையும் சமரசம் பேச வைப்பவர்) ஒருவரும் சேர்ந்து பதில் தருகிறோம். கேட்டவர்களின் பெயரை எங்கும் போடவில்லை.

கேள்வி: என் மகன் இங்கிலாந்தில் வேலை பார்க்கிறான். மருமகள் ஆறு வயதுப் பேத்தியோடு அதே ஊரில் தனி வீடு எடுத்துப் போய்விட்டாள். பிள்ளையைப் பார்க்க கோர்ட்டில் மனு போடலாம் என்றால், அதற்கு முன் ‘மியாம்’ என்று ஒரு கூட்டத்துக்குப் போயே ஆக வேண்டுமாம். போனால் சமாதானமாகப் போகச் சொல்லி அமுக்கிவிடுவார்களா? பெரியவர்கள் நாங்கள் வீடியோவில் கலந்துகொள்ளலாமா? லீவுக்குப் பேத்தியை இங்கே கூட்டி வரலாமா?
— ஒரு தாய், வேலந்தாவளம்

பதில்: அம்மா, ‘மியாம்’ என்பது மீடியேஷன் இன்ஃபர்மேஷன் அண்ட் அசெஸ்மென்ட் மீட்டிங் என்பதன் சுருக்கம். அது பஞ்சாயத்து இல்லை. மீடியேஷன் இந்தக் குடும்பத்துக்குப் பொருந்துமா, அதில் உட்காருவது இருவருக்கும் பாதுகாப்பானதா என்று பார்க்கும் முதல் சந்திப்பு, அவ்வளவுதான். இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும் 2014ஆம் ஆண்டின் சில்ட்ரன் அண்ட் ஃபேமிலீஸ் சட்டம், 10ஆம் பிரிவு, இதைக் கட்டாயமாக்கியது. 2014 ஏப்ரல் 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஸ்காட்லாந்துக்கு இந்தச் சட்டம் கிடையாது. மகன் இருப்பது எந்தப் பகுதி என்பதை முதலில் பாருங்கள்.

கட்டாயம் மனுதாரருக்குத்தான். உங்கள் மகன் போக வேண்டும். மருமகளுக்கு மீடியேட்டர் அழைப்பு அனுப்புவார். வரும்படி எதிர்பார்ப்பார்கள், ஆனால் அவர் வராததால் உங்கள் மகனின் மனு நின்றுவிடாது. மீடியேட்டர் அதைக் குறிப்பிட்டுக் கையெழுத்துப் போடுவார், மகன் மனுவைத் தாக்கல் செய்துகொள்ளலாம். இருவரையும் ஒரே நேரத்தில் ஒரே அறையில் உட்கார வைக்க வேண்டும் என்பதும் இல்லை. பெரும்பாலும் தனித்தனியாகத்தான் சந்திப்பார்கள், வீடியோவிலும் நடக்கும். ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

அந்த ஒரு மணி நேரத்தில் மீடியேட்டர் கேட்பது இதுதான்: குழந்தை இப்போது யாரிடம் இருக்கிறது, பள்ளி எங்கே, கடைசியாக அப்பா எப்போது பார்த்தார், வீட்டில் அடிதடியோ மிரட்டலோ நடந்ததா, போலீஸ் வந்ததா, ஏற்கெனவே ஏதாவது கோர்ட் உத்தரவு இருக்கிறதா, வருமானம் எவ்வளவு, மொழிபெயர்ப்பாளர் தேவையா. யார் மேல் தப்பு என்று தீர்ப்பு சொல்ல மாட்டார். கடைசியில் மீடியேஷன் மட்டுமல்ல, ஆர்பிட்ரேஷன் (தனி நடுவர் தீர்ப்பு), வக்கீல்கள் வழிப் பேச்சு என்று வேறு எந்த வழி இந்த வழக்குக்கு ஏற்றது என்பதையும் சொல்ல வேண்டும். 2024 ஏப்ரல் 29 அன்று வந்த விதித் திருத்தத்துக்குப் பிறகு இதில் கோர்ட்டுகள் கண்டிப்பாக இருக்கின்றன. கோர்ட்டுக்கு வெளியே தீர்க்க என்ன செய்தீர்கள் என்று ‘எஃப்.எம்.5’ என்ற படிவத்தில் இரு தரப்பும் முதல் விசாரணைக்கு முன்பே எழுதித் தர வேண்டும். பணம், சொத்து வழக்குகளில் காரணமில்லாமல் பேச மறுத்தவர் மேல் செலவுத் தொகை சுமத்தவும் நீதிபதியால் முடியும்.

ஆகவே மகனிடம் சொல்லுங்கள்: இதை ஒரு முத்திரை வாங்கும் வேலையாக நினைக்க வேண்டாம். குழந்தையின் ஒரு வார நேர அட்டவணை (பள்ளி, டியூஷன், தூங்கும் நேரம்), தன் ஷிஃப்ட் நேரம், இரு வீட்டுக்கும் இடையே உள்ள தூரம், தான் கேட்கும் நாட்கள் எவை என்று ஒரே தாளில் எழுதிக்கொண்டு போகட்டும். ‘வாரம் ஒருநாள் பார்க்கணும்’ என்பதைவிட ‘சனிக்கிழமை காலை பத்திலிருந்து ஞாயிறு மாலை ஐந்துவரை, ஒரு வாரம் விட்டு ஒரு வாரம்’ என்பது பேசத்தக்க கோரிக்கை.

எந்த மீடியேட்டரானாலும் போதும் என்று இல்லை. ஃபேமிலி மீடியேஷன் கவுன்சிலின் பதிவேட்டில் இருந்து, மியாம் நடத்தும் தகுதி பெற்றவர்தான் சான்றில் கையெழுத்திட முடியும். கோயில் கமிட்டிப் பெரியவர், தமிழ்ச் சங்கத் தலைவர் பேசித் தீர்த்தது இதற்கு ஈடாகாது. குழந்தை தொடர்பான மனுவின் படிவம் ‘சி100’. சொத்து, ஜீவனாம்சம் என்றால் ‘ஃபார்ம் ஏ’. மியாம் முடிந்து நான்கு மாதத்துக்குள் மனுவைப் போட வேண்டும். இடையில் ‘இன்னும் கொஞ்சம் பார்ப்போம்’ என்று இழுத்தடித்து நாள் கடந்துபோனால் மறுபடியும் கூட்டம், மறுபடியும் கட்டணம். விவாகரத்து மனுவுக்கு மட்டும் மியாம் தேவையில்லை. இருவரும் ஒத்துப்போய் சம்மத உத்தரவு கேட்டாலும் தேவையில்லை.

கட்டணம் மையத்துக்கு மையம் மாறும், ஒருவருக்குச் சுமார் 100 முதல் 150 பவுண்ட். இருவரில் ஒருவருக்கு அரசு சட்ட உதவி கிடைத்தால் மியாமும் மீடியேஷனின் முதல் அமர்வும் இருவருக்குமே இலவசம். குழந்தை சம்பந்தமான மீடியேஷனுக்கு ஒரு குடும்பத்துக்கு 500 பவுண்ட் வரை தரும் வவுச்சர் திட்டம் 2021 மார்ச்சில் தொடங்கியது. அந்தப் பணம் மீடியேஷன் அமர்வுகளுக்குத்தான், மியாமுக்கு அல்ல. நேரம் வாங்கும்போதே வவுச்சர் கிடைக்குமா என்று மீடியேட்டரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

மியாம் இல்லாமலே நேராகக் கோர்ட்டுக்குப் போகும் வழியும் உண்டு. வீட்டு வன்முறைக்கு ஆதாரம் இருந்தால் (போலீஸ் நடவடிக்கை, பாதுகாப்பு உத்தரவு, டாக்டர் கடிதம் போன்றவை), குழந்தை நலத்துறை விசாரணை நடந்தால், உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்றால், குழந்தையை நாட்டை விட்டுக் கொண்டுபோகப் போகிறார்கள் என்ற அவசரம் இருந்தால் விலக்கு கேட்கலாம். வெறுமனே பெட்டியில் டிக் போட்டால் போதாது; நீதிபதி சரிபார்ப்பார், ஆதாரம் இல்லையென்றால் போய் மியாம் முடித்துவிட்டு வா என்று வழக்கைத் தள்ளி வைப்பார்.

நீங்கள் கலந்துகொள்வது பற்றி: வேண்டாம் அம்மா. மியாம் என்பது மகனுக்கும் மீடியேட்டருக்கும் இடையிலான சந்திப்பு. பின்னால் கேமராவுக்கு வெளியே அமர்ந்து சொல்லிக் கொடுப்பதும் கூடாது. வற்புறுத்தல் இருக்கிறது என்று மீடியேட்டருக்குத் தோன்றினால் ‘மீடியேஷனுக்குப் பொருந்தாது’ என்று முடித்துவிடுவார். பேத்தியோடு வாரம் ஒரு வீடியோ அழைப்பு வேண்டும் என்பது உங்கள் ஆசையானால், அதை மகனின் தாளில் ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். நியாயமான கோரிக்கை, பெரும்பாலும் மறுப்பு வராது.

பேத்தியை இங்கே கூட்டி வருவதில் மிகுந்த கவனம் வேண்டும். பெற்றோர் பொறுப்பு உள்ள எல்லோருடைய சம்மதமோ, அது இல்லையென்றால் கோர்ட் அனுமதியோ இல்லாமல் குழந்தையை அந்நாட்டை விட்டு வெளியே கொண்டுபோவது 1984ஆம் ஆண்டின் சைல்ட் அப்டக்‌ஷன் சட்டப்படி அங்கே குற்றம். குழந்தை தன்னோடு வசிக்கும்படி கோர்ட் உத்தரவு பெற்றவர் மட்டும் 28 நாள்வரை கூட்டிப் போகலாம். உங்கள் மகனிடம் அந்த உத்தரவு இல்லை. மருமகளின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் டிக்கெட் போடவே கூடாது. இது இரு பக்கத்துக்கும் பொருந்தும்: மருமகள் குழந்தையோடு ஊருக்குப் புறப்படுகிறார் என்று உறுதியான தகவல் வந்தால் மகன் மியாமுக்குக் காத்திருக்க வேண்டாம், அவசர மனுவாகத் தடை உத்தரவு கேட்கலாம். நாடு கடந்து கொண்டுபோன குழந்தையைத் திருப்பி அனுப்புவதற்கான 1980ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. குழந்தை இங்கே வந்துவிட்டால் அந்த உடன்படிக்கையின் வழியாகத் திருப்பி அழைக்க முடியாது. உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு என்று நீண்ட பாதைதான்.

கேள்வி: இங்கிலாந்தில் அப்படி என்றால் நமக்கு என்ன விதி? எனக்குத் திருமணம் பொள்ளாச்சியில் நடந்தது. கணவர் அங்கேதான் இருக்கிறார். நான் ஒன்றரை வருஷமாகக் கொழிஞ்சாம்பாறையில் அப்பா வீட்டில் இருக்கிறேன். கேஸ் போடும் முன் சமரச மையத்துக்குப் போக வேண்டுமா? கவுன்சிலிங், மீடியேஷன், லோக் அதாலத் எல்லாம் ஒன்றா? எனக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது.
— ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: நம் நாட்டில் குடும்ப வழக்கு தாக்கல் செய்யும் முன் சமரசக் கூட்டத்துக்குப் போயே ஆக வேண்டும் என்ற சட்டம் இல்லை. வணிக வழக்குகளுக்குத்தான் அப்படி உண்டு. ஆனால் வழக்கு உள்ளே போனதும் கோர்ட்டே உங்களை அனுப்பும். 1984ஆம் ஆண்டின் குடும்ப நல நீதிமன்றச் சட்டம், 9ஆம் பிரிவு, சமரசத்துக்கு முயல்வதை நீதிமன்றத்தின் கடமையாகவே வைத்திருக்கிறது. 2013இல் கே. சீனிவாச ராவ் – டி.ஏ. தீபா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் அழுத்திச் சொன்னதோடு, சமரச மையங்களில் வழக்குக்கு முந்தைய உதவி மேசைகள் அமைக்கவும் கூறியது. அங்கே வழக்கு எண் இல்லாமலே விருப்பப்பட்டுப் போகலாம்.

நீங்கள் பாலக்காடு குடும்ப நல நீதிமன்றத்திலேயே மனு போடலாம். இந்து திருமணச் சட்டம் 19ஆம் பிரிவில் 2003 திருத்தத்துக்குப் பிறகு, மனுதாரர் மனைவியானால் அவர் வசிக்கும் இடத்துக் கோர்ட்டும் விசாரிக்கும். ஜீவனாம்சத்தையும் நீங்கள் வசிக்கும் இடத்திலேயே கேட்கலாம் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டம் 144). ரேஷன் கார்டில் பெயர் இன்னும் பொள்ளாச்சியில் இருக்கிறது என்றால், இங்கே வசிப்பதைக் காட்ட ஆதார் முகவரி மாற்றம், பேங்க் பாஸ்புக், பஞ்சாயத்துச் சான்று இவற்றில் ஒன்றாவது தயாராக இருக்கட்டும். எல்லையோர வழக்குகளில் முதல் தகராறு ‘இந்தக் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை’ என்பதாகத்தான் இருக்கும். கிறிஸ்தவ, முஸ்லிம் வாசகர்களுக்குச் சட்டப் பிரிவுகள் வேறு. ஆனால் சமரசம் நடக்கும் விதம் அவர்களுக்கும் இதேதான்.

நீங்கள் கேட்ட மூன்றும் ஒன்றல்ல. கவுன்சிலர் குடும்ப நல நீதிமன்றத்தோடு இணைந்தவர். சேர்ந்து வாழ வழி இருக்கிறதா என்று தனித்தனியாகவும் சேர்த்தும் பேசிப் பார்ப்பார். மீடியேட்டர் சேர்வதோ பிரிவதோ, பணம், நகை, பிள்ளை எல்லாவற்றையும் பேச வைப்பார். முடிவை அவர் சொல்ல மாட்டார், நீங்கள் இருவரும் எடுப்பதுதான். இதற்குப் பொதுவாக 60 நாள் தருவார்கள், கேட்டால் இன்னும் 30 நாள். லோக் அதாலத் என்பது சட்டப் பணிகள் ஆணைக்குழு நடத்தும் மக்கள் நீதிமன்றம். அங்கே ஒத்துக்கொண்டு போட்ட கையெழுத்து கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. எனவே அங்கே கையெழுத்துக்கு முன் ஒரு நாள் கூடுதலாக யோசிக்கக் கேட்பதில் தவறே இல்லை. விவாகரத்தை இந்த மூன்று இடத்திலும் யாரும் தர மாட்டார்கள், அதைக் குடும்ப நல நீதிமன்றம்தான் தரும்.

முதல் அமர்வுக்குப் போகும்போது கையில் இருக்க வேண்டியவை: திருமணப் பதிவுச் சான்று அல்லது பத்திரிகை, ஆல்பத்திலிருந்து நகை தெரியும் நான்கைந்து படங்கள், நகைக்கடை ரசீதுகள், சீர் வரிசைப் பட்டியல், உங்கள் ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட், அவருடைய சம்பளம் பற்றித் தெரிந்த எந்தத் தாளும், மாதச் செலவுக் கணக்கு. 2020இல் ரஜ்னேஷ் – நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி ஜீவனாம்ச வழக்கில் இருவரும் சொத்து, கடன் விவரப் பிரமாணப் பத்திரம் தர வேண்டும். அதை மீடியேஷனுக்கு முன்பே கேட்டு வாங்கும்படி வக்கீலிடம் வலியுறுத்துங்கள். எதிரே இருப்பவரின் வருமானம் தெரியாமல் ஒரு தொகைக்கு ஒத்துக்கொள்வதுதான் பெண்கள் பக்கம் அதிகம் நடக்கும் தவறு. அதே தீர்ப்பு, ஜீவனாம்சத்தை மனு போட்ட தேதியிலிருந்து கணக்கிட வேண்டும் என்றும் சொல்கிறது. ஆகவே மீடியேஷன் நடக்கட்டும், பிறகு மனு போடலாம் என்று காத்திருந்தால் அத்தனை மாதமும் உங்களுக்கு நஷ்டம்.

மொழி விஷயத்தில் கூச்சப்படாதீர்கள். பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் தமிழர் நிறையப் பேர், தமிழ் தெரிந்த மீடியேட்டர் வேண்டும் என்று முதல் நாளே கேளுங்கள். ஒப்பந்தம் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ எழுதப்பட்டால், ‘தமிழில் வாசித்து விளக்கக் கேட்டுப் புரிந்துகொண்டேன்’ என்ற வரி கையெழுத்துக்கு மேலே இருக்கட்டும். உண்மையிலேயே வாசித்துக் காட்டிய பிறகு மட்டும் கையெழுத்துப் போடுங்கள். பெண் என்ற ஒரே தகுதியில், வருமானம் எவ்வளவு இருந்தாலும், 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 12ஆம் பிரிவுப்படி உங்களுக்கு இலவச வக்கீல் உண்டு. தேசிய உதவி எண் 15100.

கேள்வி: மீடியேஷனில் ‘முடியாது’ என்று சொன்னால் ஜட்ஜ் என்மேல் கோபப்படுவாரா? அங்கே அழுது ஏதாவது உளறிவிட்டால்?
— பெயர் வேண்டாம், கூடலூர் (தேனி)

பதில்: மீடியேட்டர் ஜட்ஜுக்கு அனுப்புவது ‘சமரசம் ஆனது’ அல்லது ‘ஆகவில்லை’ என்ற ஒரு வரிதான். யார் என்ன சொன்னார்கள், யார் பிடிவாதம் என்று எழுதக் கூடாது என்பதை உச்ச நீதிமன்றம் மோத்தி ராம் – அசோக் குமார் வழக்கில் தெளிவாக்கியிருக்கிறது. பேச்சில் ‘பத்து லட்சத்துக்குச் சம்மதம்’ என்று சொல்லியிருந்தாலும் அதைக் கோர்ட்டில் உங்களுக்கு எதிராகக் காட்ட முடியாது. போகாமல் இருப்பதுதான் ஆபத்து. வாய்தாவுக்கும் வராமல் மீடியேஷனுக்கும் வராமல் இருந்தால் எக்ஸ்-பார்ட்டி (உங்கள் பக்கம் கேட்காமலே முடிவு) ஆகிவிடும். போய் உட்காருங்கள், பிடிக்கவில்லை என்றால் சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். ஒன்று மட்டும்: செல்போனில் பதிவு செய்யாதீர்கள்.

கேள்வி: நான் பள்ளிப்பட்டு. கணவர் ஊர் ஆந்திரச் சித்தூர். சண்டை போட்டுத் தாய் வீட்டுக்கு வந்து நாலு மாதம். திடீரென்று அங்கிருந்து தெலுங்கில் சம்மன் வந்திருக்கிறது. சேர்ந்து வாழக் கேட்டு அவர் கேஸ் போட்டிருக்கிறாராம். கைக்குழந்தையோடு என்னால் அலைய முடியாது. சம்மனை வாங்காமல் திருப்பிவிடலாம் என்கிறார் அண்ணன்.
— ஒரு சகோதரி, பள்ளிப்பட்டு

பதில்: திருப்பாதீர்கள் சகோதரி. வாங்க மறுத்தாலும் சேர்ப்பித்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும், பிறகு உங்கள் பக்கம் கேட்காமலே தீர்ப்பு வரும். சேர்ந்து வாழச் சொல்லும் தீர்ப்பு வந்து ஒரு வருடம் நீங்கள் போகாவிட்டால் அதையே காரணமாக வைத்து அவர் விவாகரத்து கேட்க முடியும். பல கணவர்கள் இந்த மனுவை முந்திக்கொண்டு போடுவதற்கு அது ஒரு காரணம். வழக்கைத் தங்கள் ஊரில் நிறுத்தி வைப்பது இன்னொரு காரணம்.

செய்ய வேண்டியது: சம்மனை வாங்கி, வழக்கு எண், கோர்ட் பெயர், வாய்தா தேதி மூன்றையும் தெலுங்கு தெரிந்தவரிடம் படித்து எழுதிக்கொள்ளுங்கள். சித்தூரில் ஒரு வக்கீலை வைத்து வக்காலத்து தாக்கல் செய்யுங்கள். அங்குள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் இலவசமாக வக்கீல் தரும். உங்கள் எல்லைக்குரிய கோர்ட்டில் ஜீவனாம்ச மனுவை உடனே போடுங்கள். ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு வழக்கை மாற்றுவது உச்ச நீதிமன்றத்தால் மட்டுமே முடியும் (சிவில் நடைமுறைச் சட்டம் 25ஆம் பிரிவு). சென்னை உயர் நீதிமன்றத்தில் கேட்டால் தள்ளுபடிதான் ஆகும். மாற்று மனுவுக்கு உச்ச நீதிமன்றச் சட்டப் பணிகள் குழு பெண்களுக்கு இலவசமாக உதவுகிறது. கைக்குழந்தை, துணைக்கு ஆள் இல்லாமை, வருமானம் இல்லாமை, தமிழ்நாட்டில் ஏற்கெனவே இருக்கும் ஜீவனாம்ச வழக்கு, இவையே அங்கே எடுபடும் காரணங்கள். பல மாற்று மனுக்களில் உச்ச நீதிமன்றமே இருவரையும் தன் சமரச மையத்துக்கு அனுப்பிப் பார்ப்பதும் உண்டு.

சித்தூர்க் கோர்ட் மீடியேஷனுக்கு அனுப்பினால் வீடியோவில் கலந்துகொள்ள எழுதிக் கேளுங்கள். வக்கீல் வாயால் சொன்னால் போதாது. தெலுங்கில் தட்டச்சு செய்த எந்தத் தாளிலும், ‘சும்மா வருகைக்குத்தான்’ என்று யார் சொன்னாலும், வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வேண்டாம்.

கேள்வி: அடிக்கிறார். எதிரே உட்கார்ந்து பேச எனக்குப் பயம். கோர்ட் அனுப்பினால் போயே ஆக வேண்டுமா?
— குமுளியிலிருந்து ஒரு கடிதம்

பதில்: வேண்டாம். பயத்தோடு பேசுவது சமரசம் ஆகாது. அடிக்கிறார் என்பதையும் எதிரே உட்காரப் பயம் என்பதையும் உங்கள் வக்கீல் மூலமோ நேரடியாகவோ ஒரு மனுவாக எழுதிக் கொடுங்கள். மீடியேட்டரிடமும் முதல் நிமிடத்தில், அவர் இல்லாத அறையில் சொல்லுங்கள். தனி அறை, தனி நேரம், அவர் புறப்பட்டு அரை மணி கழித்து நீங்கள் கிளம்புவது, இவையெல்லாம் கேட்டுப் பெறக்கூடியவை. அதுவும் போதாது என்றால் மீடியேஷன் வேண்டாம் என்பதே சரியான பதில்.

அதற்கு முன் பாதுகாப்பு. 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைச் சட்டப்படி நீங்கள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்து மாஜிஸ்திரேட்டிடமே மனு கொடுக்கலாம்; எல்லை தாண்டி கம்பத்தில் அக்கா வீட்டில் இருந்தாலும் அங்கேயே கொடுக்கலாம். மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் சம்பவ அறிக்கை எழுதி உதவுவார், அதற்குக் கட்டணம் இல்லை. அரசு மருத்துவமனையில் காயத்தைக் காட்டி, எப்படி ஏற்பட்டது என்பதைச் சீட்டில் எழுதச் சொல்லி வாங்குங்கள். பெண்கள் உதவி எண் 181, இரு மாநிலத்திலும் அதே எண். இரவானால் 112.

கேள்வி: இரண்டு குடும்பப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி, பத்திரத்தாளில் விடுதலைப் பத்திரம் எழுதி, நோட்டரியிடம் முத்திரை வாங்கிவிட்டோம். பையனுக்கு வேறு இடத்தில் பெண் பார்க்கலாம் அல்லவா?
— ஒரு தந்தை, கம்பம்

பதில்: பார்க்காதீர்கள் ஐயா. அந்தத் தாளால் திருமணம் முறியவில்லை. சில சமூகங்களில் வழக்கப்படி தீர்த்துக்கொள்ளும் முறையை இந்து திருமணச் சட்டம் 29(2) காப்பாற்றுகிறது என்பது உண்மை. ஆனால் அப்படி ஒரு வழக்கம் காலங்காலமாக இருப்பதைச் சாட்சியோடு நிரூபிக்க வேண்டும், நோட்டரி முத்திரை அதற்குச் சான்றாகாது. இந்த நிலையில் மறுமணம் செய்தால் இரண்டாவது திருமணம் செல்லாது, புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ். 82ஆம் பிரிவில் இருதார மணக் குற்றமும் ஆகும்.

பெரியவர்கள் பேசியது வீண் இல்லை. அதில் உள்ள பண, நகை விவரத்தை அப்படியே எடுத்து, சமரச மையத்தில் ஒப்பந்தமாக்கி, பரஸ்பர சம்மத விவாகரத்துக்கான இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவில் இருவரும் சேர்ந்து மனு போடச் சொல்லுங்கள். குறைந்தது ஒரு வருடம் பிரிந்து இருந்திருக்க வேண்டும். முதல் மனுவுக்குப் பின் ஆறு மாதம் காத்திருந்து இரண்டாவது மனு போட வேண்டும். நீண்ட நாள் பிரிந்து, எல்லாம் பேசி முடித்துவிட்டவர்களுக்கு அந்த ஆறு மாதத்தைத் தளர்த்தலாம் என்று 2017இல் அமர்தீப் சிங் – ஹர்வீன் கவுர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. முதல் மனு போட்டு ஒரு வாரம் கழித்து அதற்கான மனுவைக் கொடுக்கலாம்.

கேள்வி: மகள் வழக்கில் மீடியேஷன் முடிந்துவிட்டது. 12 லட்சமும் 40 பவுன் நகையும் தருவதாக ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். புனலூர்ப் பக்கம் மாப்பிள்ளை. நாளை மறுநாள் கையெழுத்து. எதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்?
— ஒரு தகப்பனார், செங்கோட்டை

பதில்: ஒப்பந்தம் உடைவது பெரும்பாலும் பேசாமல் விட்ட சின்ன விஷயங்களில்தான்.

பணம்: ‘தவணையாகத் தருவார்’ என்று மட்டும் எழுதினால் கையில் வருவதற்குள் தலைமுடி நரைத்துவிடும். ஒவ்வொரு தவணைக்கும் தொகை, தேதி, டி.டி.யா பேங்க் மாற்றமா, எந்தக் கணக்கு எண் என்று இருக்க வேண்டும். தேதி தவறினால் என்ன வட்டி என்பதும் வேண்டும். பரஸ்பர விவாகரத்தில் தீர்ப்பு வரும்வரை யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்று 1991இல் சுரேஷ்டா தேவி வழக்கிலேயே சொல்லியாகிவிட்டது. ஆகவே முழுப் பணத்தையும் முதலில் தர அவர்கள் தயங்குவார்கள், முழுவதையும் கடைசிக்கு விட நீங்கள் தயங்குவீர்கள். ஒரு பகுதி முதல் மனுவன்று, மீதி இரண்டாவது மனுவன்று கோர்ட்டில் டி.டி.யாக என்பது இரு தரப்பும் ஏற்கக்கூடியது. டி.டி. எண்ணை நீதிமன்றக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள்.

நகை: ‘40 பவுன்’ என்றால் 320 கிராம். கல் வைத்த நகை இருந்தால் கல் நீக்கிய எடையா, மொத்த எடையா? அதே நகைகளா, அதற்கு ஈடான தங்கமா? தங்கத்துக்குப் பதில் பணம் என்றால் எந்தத் தேதியின் விலை? தங்க விலை ஏறும் வேகத்தில் இந்த ஒரு வரி விடுபட்டதால் மறுபடி கோர்ட் படி ஏறியவர்கள் உண்டு. சங்கிலி, வளையல் என்று ஒவ்வொன்றாக எடையோடு அட்டவணை போடுங்கள். ஒப்படைப்பது மீடியேட்டர் முன்னாலா, கோர்ட்டிலா என்று எழுதுங்கள்; வீட்டில் வைத்து வேண்டாம். தராசு உள்ள நகை மதிப்பீட்டாளர் ஒருவரை அன்று வரச் சொல்லுங்கள்.

மற்ற வழக்குகள்: வரதட்சணைக் கொடுமைப் புகார் (பழைய 498ஏ, இப்போது பி.என்.எஸ். 85) இருந்தால் அதை மீடியேஷன் ஒப்பந்தம் தானாக முடித்துவிடாது. உயர் நீதிமன்றம்தான் ரத்து செய்ய வேண்டும்; உங்கள் மகள் சம்மதப் பிரமாணப் பத்திரம் தருவார் என்பதை எந்தக் கட்டத்தில், எந்தத் தவணை வந்த பிறகு என்று குறித்து எழுதுங்கள். முழுப் பணமும் வராமல் அந்தப் பத்திரத்தில் கையெழுத்து வேண்டாம். ஜீவனாம்ச வழக்கு, வீட்டு வன்முறை வழக்கு, நகை கேட்டுப் போட்ட ஓ.பி. (அசல் மனு) எல்லாவற்றின் எண்ணும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் அது தனியாக ஓடிக்கொண்டே இருக்கும்.

பேரக்குழந்தை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், ‘வசதிப்படி பார்த்துக்கொள்ளலாம்’ என்ற வரியை அடித்துவிட்டு நாள், நேரம், இடம், யார் கூட்டிப் போய் விடுவது, ஓணம் யாரிடம், பொங்கல் யாரிடம், பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் யார் கையெழுத்து என்று எழுதுங்கள். மகள் தனக்கான ஜீவனாம்சத்தை விட்டுக்கொடுக்கலாம். குழந்தையின் ஜீவனாம்சத்தை அவரால் விட்டுக்கொடுக்க முடியாது. அப்படி ஒரு வாசகம் இருந்தால் அதை நீக்கச் சொல்லுங்கள்.

சான்றிதழ்கள், ஆதார், மகளின் பெயரில் உள்ள எல்.ஐ.சி. பாலிசி, கூட்டு லாக்கர் சாவி, ஸ்கூட்டர் ஆர்.சி. இவற்றையும் பட்டியலில் சேர்க்க மறக்க வேண்டாம். ஒப்பந்தத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் இருவரும், இரு வக்கீல்களும், மீடியேட்டரும் கையெழுத்திட வேண்டும். அடித்துத் திருத்திய இடங்களில் சுருக்கொப்பம் வேண்டும். அது கோர்ட்டுக்குப் போய், நீதிபதி இருவரையும் கேட்டுப் பதிவு செய்த பிறகே தீர்ப்பாகும். இப்படிச் சம்மதத்தின் பேரில் வந்த தீர்ப்புக்குக் குடும்ப நல நீதிமன்றச் சட்டம் 19(2)இன்படி மேல்முறையீடு இல்லை; அதனால்தான் நாளை மறுநாளுக்கு முன் இவ்வளவு. தீர்ப்பு வந்த அன்றே நகல் மனு போட்டுச் சான்றிட்ட நகல் இரண்டு வாங்கிவையுங்கள். ஒன்று பேங்க் லாக்கருக்கு, ஒன்று மகளின் கைக்கு.